இரவில் தேடியது மாமியார் போனில் விளம்பரமாக வந்தது: இணைய நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். திருமணமாகி ஆறு ஆண்டுகள், குழந்தை இல்லை. அவரும் கணவரும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சிகிச்சை பற்றி யோசித்து வருகிறார்கள். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு போனில் பிரவுசரின் ரகசியச் சாளரமான இன்காக்னிட்டோவைத் திறந்து கருத்தரிப்பு மையங்களைப் பற்றித் தேடியிருக்கிறார். யூடியூப் ஆப்பில் சில மருத்துவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறார். செலவு எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு தளத்தில் பெயரும் போன் எண்ணும் கொடுத்திருக்கிறார்.

சில நாட்களில் மாமியாரின் போனில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் போனை நீட்டி, "எனக்கு ஏம்மா இதெல்லாம் வருது?" என்று கேட்டிருக்கிறார். அதே வாரம், சிகிச்சைக்குக் கடன் தருகிறோம் என்று இவருக்கு ஒரு அழைப்பு. அப்புறம், மாதப் பணம் வாங்க வந்த கேபிள் ஆபீஸ் பையன் ஏதோ பேச்சுவாக்கில், "யார் வீட்ல என்ன பாக்கறாங்கன்னு எங்க சிஸ்டத்துல தெரியும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து தூக்கமே இல்லை என்கிறார்.

அவர் கேட்பவை இவை. என் தேடலை இணைய நிறுவனம் (வீட்டுக்கு இணைய இணைப்பு தருபவர்கள்) விளம்பரக்காரர்களுக்கு விற்றுவிட்டது, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? அமெரிக்காவில் இதற்குத் தடை இருப்பதாக நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி சொல்கிறான், நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லையா? கனெக்‌ஷன் வாங்கும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அதனால் எனக்கு உரிமையே கிடையாதா? நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பெனி வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டுக்கொண்டால் போலீஸ் பிடிக்குமா?

அன்புச் சகோதரிக்கு

"நானே என்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். தன் உடம்பைப் பற்றி, சிகிச்சையைப் பற்றித் தனியாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ள யாருக்கும் உரிமை உண்டு. அந்த விஷயம் எப்போது, யாரிடம், யார் வாயால் வெளியே வர வேண்டும் என்பதும் உங்கள் முடிவுதான். அதைத்தான் உங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்வதையும் அந்த உரிமையின் பகுதியாகவே பேசியது. ஆகவே உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் வழக்கு என்று வந்தால் கோபம் போதாது. தகவல் யார் கையிலிருந்து வெளியே போனது என்று காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால், நீங்கள் கூண்டில் ஏற்ற நினைக்கும் ஆள் சரியான ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விளம்பரம் எந்த வழியாக வந்திருக்கும்?

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அத்தைக்கு போன் வாங்கியபோது நான்தான் எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தேன்." எனக்கு இந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு அந்த போனில் எந்த ஜிமெயில் கணக்கைப் போட்டீர்கள்? நம் வீடுகளில் பெரியவர்களின் போனுக்குப் புதிதாக ஒரு கணக்கு உருவாக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மகனோ மருமகளோ தன் கணக்கையே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மாமியாரின் போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் மெயில் முகவரி இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. நீங்கள் இரவில் யூடியூப் ஆப்பில் பார்த்த வீடியோக்கள் அந்தக் கணக்கில் பதிவாகி, அதே கணக்கு இருக்கும் எல்லா போன்களிலும் விளம்பரமாக வந்திருக்கும். ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் டிவியையும் இதேபோல் பார்த்துவிடுங்கள்.

அங்கே வேறு கணக்கு இருந்தாலும் இன்னொரு வழி உண்டு. உங்கள் வீட்டில் ஒரே வைஃபை. வெளி உலகத்துக்கு உங்கள் போன், கணவர் போன், மாமியார் போன் எல்லாமே ஒரே ஐபி முகவரியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். ஒரே முகவரியிலிருந்து தினமும் வரும் போன்களை ஒரே குடும்பம் என்று விளம்பர நிறுவனங்கள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அந்த வீட்டில் ஒருவர் கருத்தரிப்பு மையத்தின் தளத்துக்குப் போனால், அந்த விளம்பரத்தை வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் காட்டுகின்றன. இதற்கு இணைய நிறுவனம் எதையும் விற்க வேண்டியதில்லை. அந்த மையத்தின் தளத்தில் உள்ள விளம்பரக் கண்காணிப்புக் குறியீடே போதும்.

இன்காக்னிட்டோவில்தானே பார்த்தேன் என்று கேட்பீர்கள். அது உங்கள் போனில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். போனை வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் போன தளத்துக்கும், அதில் ஒட்டியிருக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும், உங்கள் இணைய நிறுவனத்துக்கும் நீங்கள் வந்து போனது தெரியும். இன்காக்னிட்டோவில் பார்த்ததையும் சேகரித்தார்கள் என்று அமெரிக்காவில் 2020இல் கூகுள் மீது பெரிய வழக்கே நடந்தது. 2024இல் சமரசமாகி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. உங்களைப் போல அந்தப் பெயரை நம்பியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

கடன் தருகிறோம் என்று வந்த அழைப்பு எந்த வழியாக வந்தது என்பதில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. கட்டணம் பார்க்க ஒரு தளத்தில் எண் கொடுத்தீர்களே, அநேகமாக அங்கிருந்துதான். அப்படிப்பட்ட படிவங்களின் அடியில், "எங்கள் கூட்டாளிகள் என்னைத் தொடர்புகொள்ள சம்மதிக்கிறேன்" என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும், ஏற்கெனவே டிக் போட்ட ஒரு கட்டமும் இருக்கும். சிகிச்சை தேடுபவரின் எண் அந்தத் தொழிலில் விலை போகும் சரக்கு.

இதையெல்லாம் ஊகமாக விட்டுவிட வேண்டாம். மாமியாரின் போனில் அடுத்த முறை அப்படி ஒரு விளம்பரம் வந்தால், அதன் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, "இந்த விளம்பரம் ஏன்" என்பதைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முழுக் காரணமும் அதில் வராது. ஆனாலும் கணக்கின் பழைய செயல்பாட்டை வைத்து வந்ததா, இருக்கும் ஊரை வைத்து வந்ததா என்பதாவது தெரியும்.

இணைய நிறுவனத்துக்கு உண்மையில் என்ன தெரியும்?

இப்படிச் சொல்வதால் இணைய நிறுவனத்துக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தெரிவது கொஞ்சநஞ்சமல்ல.

இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது போய்வரும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியவை. அதனால் ஒரு மருத்துவமனையின் தளத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், தேடல் பெட்டியில் என்ன தட்டச்சு செய்தீர்கள், படிவத்தில் என்ன நிரப்பினீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தளத்தின் பெயர் தெரியும். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய முகவரி எது என்று உங்கள் போன் முதலில் டிஎன்எஸ் சேவையிடம் கேட்கும். வழக்கமாக அந்தச் சேவையை நடத்துவதே உங்கள் இணைய நிறுவனம்தான். பிறகு இணைப்பு தொடங்கும் நொடியிலும் தளத்தின் பெயர் ஒரு முறை வெளிப்படையாகப் போகிறது. ஆகவே அவர்களிடம் சேரக்கூடிய பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: இன்ன வாடிக்கையாளர் எண், இரவு 11.40, இன்ன கருத்தரிப்பு மையத்தின் தளம், 22 நிமிடம், இத்தனை எம்பி. அடுத்த நாள் இரவு அதே நேரம், இன்னொரு மையத்தின் தளம். பக்கத்தைப் படிக்காமலே வீட்டின் கதையை ஊகித்துவிடலாம், இல்லையா? உள்ளே இருப்பதுதான் தெரியாதே என்று நிறுவனங்கள் சொல்லும் சமாதானத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இதை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். தடை செய்யப்பட்ட ஒரு தளத்தைத் திறந்தால், தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று ஓர் அறிவிப்பு வருகிறது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று வழியில் பார்த்தால்தானே அதைத் தடுக்க முடியும்?

கேபிள் பையன் சொன்னதை நினைத்துப் பயப்பட வேண்டாம். உள்ளூர் ஆபரேட்டரின் திரையில் பொதுவாக உங்கள் பெயர், திட்டம், பாக்கி, கனெக்‌ஷன் ஓடுகிறதா இல்லையா, எத்தனை ஜிபி செலவானது என்பவைதான் தெரியும். நீங்கள் போன தளங்களின் பட்டியல் அவன் கையில் இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் அப்படிப் பேசியது தவறு. ஒரு வாடிக்கையாளரிடம் அந்த மாதிரி சொல்வதே மிரட்டல் போலத்தான் விழும். அந்தத் தேதியையும் அவன் சொன்ன வார்த்தைகளையும் மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். இன்னொன்று, ரூட்டரை மாட்டியவர்கள் விட்டுப்போன பழைய பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் உடனே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு. அது ஊருக்கெல்லாம் ஒன்றாக இருக்கும்.

நம் நாட்டில் இணைய நிறுவனம் வாடிக்கையாளரின் பக்கங்களுக்குள் கைவைத்த சம்பவம் உண்டு. 2015 ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு கணினி வல்லுநர், ஏர்டெல் 3ஜி வழியாகத் தன் தளத்தைத் திறந்தபோது, தான் எழுதாத ஒரு நிரல் துண்டு அதில் சேர்ந்திருப்பதைக் கண்டு ஆதாரத்தோடு வெளியிட்டார். அந்த நிரலுக்குச் சொந்தமான இஸ்ரேல் நிறுவனம் அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. வாடிக்கையாளரின் டேட்டா பயன்பாட்டை அளப்பதற்கான சோதனை என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது; நோட்டீஸுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றது. மறையாக்கம் பரவிய பிறகு அந்த வகைத் தலையீடு கடினமாகிவிட்டது. தளங்களின் பெயரைப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை.

தம்பி சொன்ன அமெரிக்கா

அமெரிக்காவில் தடை இருக்கிறது என்பது, பலரும் நம்பும் தவறான செய்தி. அங்கே 2016 அக்டோபரில் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. வாடிக்கையாளரின் உலாவல் வரலாற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் முன்கூட்டியே அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. அந்த விதியின் முக்கியப் பகுதி நடைமுறைக்கு வருவதற்குள் நாடாளுமன்றமே அதை ரத்து செய்துவிட்டது. 2017 மார்ச்சில் செனட்டில் 50க்கு 48, பிரதிநிதிகள் சபையில் 215க்கு 205. ஏப்ரல் 3 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அதே மாதிரி விதியை ஆணையம் மறுபடி கொண்டுவரவும் முடியாதபடி அந்த ரத்து அமைந்தது.

அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். வெரைசன் நிறுவனம் தன் மொபைல் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் இணையப் போக்குவரத்திலும் அழிக்க முடியாத ஓர் அடையாள எண்ணை ஒட்டி அனுப்பியது. தளங்கள் போனில் விட்டுச்செல்லும் அடையாளக் கோப்பான குக்கீயை வாடிக்கையாளர் அழித்தாலும் அந்த எண் போகாது. 2016 மார்ச்சில் 13.5 லட்சம் டாலர் கட்டி அது பற்றிய விசாரணையை முடித்துக்கொண்டார்கள். ஏடி அண்ட் டி தன் ஃபைபர் திட்டத்தில், உலாவலைக் கண்காணிக்கச் சம்மதிப்பவருக்கு ஒரு விலை, மறுப்பவருக்கு மாதம் 29 டாலர் கூடுதல் என்று வைத்து, 2016இல் கைவிட்டது. தனியுரிமையைக் காசு இருப்பவர் மட்டும் வாங்கிக்கொள்ளும் பொருளாக்கிய அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. 2021 அக்டோபரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றில் சில, வாடிக்கையாளர்களை இனம், பாலியல் நாட்டம் போன்றவற்றை வைத்துப் பிரித்து விளம்பரதாரர்களுக்குக் காட்டுகின்றன என்று சொன்னது.

அங்கே இப்போது மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. மெய்ன் மாநிலத்தில் 2020 ஜூலை முதல் முன்சம்மதம் கட்டாயம். சம்மதிக்காதவரிடம் கூடுதல் பணம் வாங்கவும் கூடாது. தம்பி இருக்கும் நியூ ஜெர்சியில் 2025 ஜனவரி முதல், வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. விலக வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். அவரிடம் கேளுங்கள், தன் கனெக்‌ஷனில் விலகிவிட்டாரா என்று.

நம் சட்டம் என்ன தருகிறது?

நமக்குச் சட்டமே இல்லை என்பதும் சரியில்லை. மூன்று அடுக்கு இருக்கிறது. ஒன்று பழையது, ஒன்று புதியது, ஒன்று இணைய நிறுவனத்தின் உரிமத்திலேயே இருப்பது.

உரிமத்திலிருந்து தொடங்குவோம். இணைய சேவை நடத்த அரசு தரும் உரிமத்தில், வாடிக்கையாளரின் தகவல் தொடர்பைப் பற்றிய ரகசியத்தைக் காப்பது உரிமதாரரின் கடமை என்று தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளர் சம்மதித்தால் அந்தச் சம்மதத்தின் எல்லைக்குள் வெளியிடலாம். அந்தச் சம்மதத்தைத்தான் கையெழுத்துப் படிவத்தில் புதைத்து வைத்துவிடுகிறார்கள். அதே உரிமம் இன்னொன்றும் சொல்கிறது. இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு பாதுகாப்புக் காரணங்களுக்காக வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஓராண்டாக இருந்ததை இரண்டாக்கினார்கள். எனவே "என் பதிவை எல்லாம் அழித்துவிடுங்கள்" என்று நீங்கள் கேட்டாலும் அழிக்க முடியாது. ஆனால் அரசுக்காக வைத்திருக்கும் பதிவை விளம்பரக்காரருக்குக் காட்ட அந்த நிபந்தனை அனுமதி ஆகாது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

பழைய சட்டம் என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும். உடல்நிலை, மருத்துவப் பதிவு, பாலியல் நாட்டம், பாஸ்வேர்டு, வங்கி விவரம் போன்றவற்றைக் கவனக்குறைவாகக் கையாண்டு உங்களுக்கு இழப்பு ஏற்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். உலாவல் வரலாறு அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. இணைய நிறுவனத்துக்கு எதிரான உங்கள் வாதத்தில் இது பலவீனமான இடம். ஆனால் நீங்கள் எண் கொடுத்த அந்தத் தளத்தைப் பாருங்கள். சிகிச்சை வேண்டும் என்று சொல்லிப் பெயரும் எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள். அதை அவர்கள் கடன் கம்பெனிக்குக் கொடுத்திருந்தால், உடல்நிலை பற்றிய தகவலைக் கைமாற்றினார்கள் என்று வாதிட இடம் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்களில் அவர்கள்தான் முதலில் வருகிறார்கள். இப்படிப்பட்ட மனுக்களைத் தமிழ்நாட்டில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். 2010இல் மோசடி மெயிலால் பணம் இழந்த ஒரு வங்கி வாடிக்கையாளருக்கு 12 லட்சத்துக்கும் மேல் கொடுக்கச் சொல்லி வங்கிக்கு உத்தரவு போட்டது இந்த வழியில்தான்.

புதியது, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. உங்களுக்குப் பயன்படும் முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அப்போது நிறுவனம் எதற்காகத் தகவல் கேட்கிறது என்று தனியாக, தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அதைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். பழைய ஒப்புதல்களுக்கும் புதிதாக அறிவிப்பு தர வேண்டும். ஆகவே, படிக்காமல் போட்ட கையெழுத்து உங்களை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கண்காணித்து விளம்பரம் காட்டுவதற்கும் அந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது. நீங்கள் ஆசிரியை என்பதால் இதைப் பெற்றோர்களிடம் சொல்ல உதவும்.

அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் போடலாம், ஆனால் அந்தப் பணம் அரசுக் கணக்குக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. அதோடு, இது நடைமுறைக்கு வரும்போது பழைய 43ஏ பிரிவும் போய்விடும். போதாததற்கு, பொய்ப் புகார் கொடுத்தால் புகார்தாரருக்கே 10,000 வரை அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வழக்குப் போடலாமா?

போடலாம். தொலைத்தொடர்பு சேவையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். தொலைபேசி தொடர்பான புகாருக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று நிறுவனங்கள் ரொம்ப நாள் வாதிட்டன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம், உங்கள் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும்.

ஆனால் இப்போதே போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் காரணம், இணைய நிறுவனம்தான் விற்றது என்பதற்கு இன்று உங்களிடம் ஆதாரம் இல்லை. இரண்டாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மனுவில் என்ன தேடினீர்கள், வீட்டில் என்ன நடந்தது என்று எழுத வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேள்வியாகக் கேட்பார். தீர்ப்பு பெயரோடு இணையத்தில் ஏறும். நான்கு சுவருக்குள் வைக்க நினைத்ததை நீங்களே பொது ஆவணமாக்க வேண்டிவரும். அதற்குத் தயார் என்று நீங்களும் கணவரும் சேர்ந்து முடிவெடுத்தால் சரி. கோபம் ஆறாத இந்த வாரத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

விபிஎன் பற்றி

நம் நாட்டில் சாதாரண குடிமக்கள் விபிஎன் பயன்படுத்துவது குற்றமில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் நடத்தும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அந்தச் செய்திதான் தடை என்று திரிந்து பரவியது.

பயப்பட வேண்டியது இலவச விபிஎன்களுக்கு. விபிஎன் போட்டால் உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விபிஎன் கம்பெனிக்குத் தெரியும். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன், பயனர்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்கே சொல்லிக்கொண்டிருந்தது. கண்காணிப்பைத் தடுக்கிறேன் என்று சொல்லி வந்த அவாஸ்ட் ஆன்டிவைரஸ், உலாவல் தகவலை விற்றதற்காக 2024இல் அமெரிக்காவில் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது. காசு கொடுத்து நல்ல சேவை வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் போன் செட்டிங்ஸில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், அதை வேறு நம்பகமான சேவைக்கு மாற்றினாலே ஒரு கதவு அடைபடும். எல்லாக் கதவும் அடைபடாது. கனெக்‌ஷனையே மாற்றுவதால் பெரிய பயன் இல்லை. அடுத்த நிறுவனத்துக்கும் அதே அளவு தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் மாமியாரின் போனுக்கு அவர் பெயரிலேயே ஒரு கணக்கு போட்டுக் கொடுங்கள். உங்கள் கூகுள் கணக்கில் தேடல், யூடியூப் வரலாறுகளை நிறுத்தி வையுங்கள். விளம்பர அமைப்புகளில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு தொடர்பான விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லும் வசதி இருக்கிறது, அதையும் அழுத்துங்கள்.

இரண்டாவது, கடன் அழைப்பு. 1909இல் தொல்லை அழைப்புகள் வேண்டாம் என்று பதியுங்கள். பதிந்த பிறகும் வந்தால் ஏழு நாளுக்குள் அதே எண்ணில் புகார் கொடுங்கள். அழைத்தவரிடம், "என் எண் உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில்தான் நாளைக்கு ஆதாரம்.

மூன்றாவது, இணைய நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில். உள்ளூர் கேபிள் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டாம், உரிமம் வைத்திருக்கும் தலைமை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பெயர் அவர்கள் தளத்தில் இருக்க வேண்டும். நீங்கள் என்ன தேடினீர்கள் என்று அதில் ஒரு வார்த்தை கூட எழுதாதீர்கள். இவ்வளவு போதும்:

"என் வாடிக்கையாளர் எண் இது. என் இணைப்பில் செல்லும் தளங்களின் பெயர்கள், டிஎன்எஸ் பதிவுகள், பயன்பாட்டு விவரங்கள் ஆகியவை விளம்பரத்துக்காகவோ சந்தைப்படுத்தலுக்காகவோ பயன்படுத்தப்படுகின்றனவா? யாரிடமாவது பகிரப்படுகின்றனவா? ஆம் எனில், யாரிடம்? சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகள் தவிர மற்ற எதற்கும் நான் முன்பு கொடுத்ததாகக் கருதப்படும் சம்மதத்தை இன்றிலிருந்து திரும்பப் பெறுகிறேன். உங்கள் பணியாளர் ஒருவர் இன்ன தேதியில் என்னிடம் இன்னவாறு கூறினார்; இதற்கும் விளக்கம் வேண்டும்."

2011 விதிகளின்படி குறைதீர் அதிகாரி ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதே நாளில் புகார் மையத்துக்கும் போன் செய்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு நேரடியாக எழுதுவதில் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

வீட்டில் என்ன சொல்வது என்பது சட்டக் கேள்வி அல்ல, அதனால் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சொல்வதானாலும் சொல்லாமல் இருப்பதானாலும், பதில் சொல்லும் சுமையை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம். அது அவர் அம்மா. கணவரும் பக்கத்தில் உட்காரட்டும்.

நிறுவனம் "பகிர்வதில்லை" என்று எழுத்தில் பதில் தந்தால், அந்த மெயிலை அழிக்காமல் வையுங்கள். பின்னால் வேறு ஏதாவது வெளிவந்தால் அது உங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த ஆவணம். "பகிர்கிறோம், நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்" என்று வந்தால், அந்தப் பதிலோடு கனெக்‌ஷன் படிவத்தின் நகலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். மேல்முறையீட்டு மனுவை நான் எழுதித் தருகிறேன்.